மானியப் பணம் யார் கணக்கில் விழுகிறது? கொங்குத் தோட்டங்களுக்கு ஒரு மதிப்பீடு

மானியத் திட்டம் ஒன்று காதில் விழுந்ததும் ‘எத்தனை சதவீதம்ங்க?’ என்பதுதான் முதல் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் 100 சதவீத மானியத்தில் போட்ட சொட்டுக்குழாய் இரண்டாம் வருடமே வரப்போரம் சுருண்டு கிடப்பதும் உண்டு, 40 சதவீதத்தில் வாங்கிய களையெடுப்பான் வருடக்கணக்கில் ஓடுவதும் உண்டு. பணம் எந்தக் கட்டத்தில் யார் கணக்கில் விழுகிறது என்பதில்தான் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. கம்பெனிக்கு நேராகப் போகும் மானியம் ஒரு மாதிரி, நம் கணக்குக்கு வருவது ஒரு மாதிரி, வங்கிக் கடனோடு கட்டிப்போட்டது இன்னொரு மாதிரி. ஈரோடு, திருப்பூர், கோவை, கரூர், நாமக்கல் பக்கத்துத் தோட்டங்களுக்கும் மானாவாரிக் காடுகளுக்கும் கிடைக்கிற முக்கியமான சிலவற்றை அந்தக் கண்ணோடு பார்ப்போம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பட்டா. இங்கே விண்ணப்பங்கள் சிக்குவது பெரும்பாலும் துறை அலுவலகத்தில் இல்லை, நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டாவில்தான். நிலம் இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். அல்லது நான்கு பங்காளிகள் பெயரும் சேர்ந்த கூட்டுப் பட்டாவாக இருக்கும். பட்டாவில் ‘பழனிச்சாமி கவுண்டர்’, ஆதாரில் ‘பழனிசாமி’, வங்கிப் புத்தகத்தில் முன்னெழுத்து வேறு. ஊரில் எல்லாருக்கும் ஒரே ஆள் என்று தெரியும், கணினிக்குத் தெரியாது. விவசாயிகளுக்குத் தரும் 11 இலக்கத் தனித்துவ அடையாள எண்ணுக்குப் பதியும்போது ஆதார்ப் பெயரையும் நில ஆவணப் பெயரையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பொருத்தம் குறைந்தால் விண்ணப்பம் கையால் சரிபார்க்கும் வரிசைக்குப் போய்விடும், அங்கே நாள் பிடிக்கும்.

இதற்குக் குறுக்கு வழி கிடையாது. இறந்தவர் பெயரில் இருந்தால் வாரிசுச் சான்று வாங்கிப் பட்டா மாறுதல். கூட்டுப் பட்டா என்றால், பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகியிருந்தால் உட்பிரிவுக்கு விண்ணப்பித்துத் தனிப் பட்டா. சர்வேயர் வந்து அளந்து போக மாதங்கள் ஆகலாம், அதனால் மானிய அறிவிப்பு வந்த பிறகு இதைத் தொடங்குவது பயனில்லை. அதுவரை பங்காளிகளிடம் சம்மதக் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளலாம். கிணற்றில் பங்கு மட்டும் இருந்து, மின் இணைப்பு அண்ணன் பெயரில் இருக்கும் தோட்டங்களுக்கு இந்தக் கடிதம் கட்டாயம் தேவைப்படும். சிறு, குறு விவசாயி சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாசில்தாரிடம் போகும். வேறு வருவாய்க் கிராமத்தில் இருக்கும் நிலத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும். மறைத்துவிட்டால் பிறகு அடையாள எண்ணில் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

இனி பி.எம். கிசான், மத்திய அரசு விவசாயிகளுக்குத் தரும் உதவித்தொகை. தொகை சின்னது, ஆனால் நம் கணக்குக்கு நேராக வருகிற ஒன்று. வருடம் 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை: ஏப்ரல்–ஜூலை, ஆகஸ்ட்–நவம்பர், டிசம்பர்–மார்ச். 21ஆவது தவணையை 2025 நவம்பர் 19 அன்று கோயம்புத்தூரில் வைத்துத்தான் பிரதமர் விடுவித்தார். ஒரு தவணைக்கு, 266.50 ரூபாய் விலையில் 45 கிலோ யூரியா மூட்டை ஏழு வாங்கலாம். அவ்வளவுதான், ஆனால் அந்த ஏழு மூட்டைக்கு யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

வரவில்லை என்றால் பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்று. தளத்தில் ‘பயனாளி நிலை’ பக்கத்தைத் திறந்தால் நில இணைப்பு, இ-கேஒய்சி (ஆதார் வழியாக ஆளைச் சரிபார்ப்பது), ஆதார்–வங்கி இணைப்பு என்று மூன்று வரி இருக்கும். மூன்றும் ‘ஆம்’ என்று இருக்க வேண்டும். நில இணைப்பு ‘இல்லை’ என்றால் வேளாண் உதவி இயக்குநர் அலுவலகம், கையில் சிட்டாவும் ஆதாரும். இ-கேஒய்சிக்குக் கைப்பேசி ஓடிபி போதும். எண் மாறியிருந்தால் பொதுச் சேவை மையத்தில் கைரேகை. களை பிடுங்கியும் மஞ்சள் வெட்டியும் ரேகை தேய்ந்த பெரியவர்களுக்குச் செயலியில் முகம் காட்டிச் சரிபார்க்கும் வழி இருக்கிறது, அதைக் கேளுங்கள். மூன்றாவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். விண்ணப்பத்தில் கொடுத்த கணக்குக்குப் பணம் போகும் என்று நினைப்பார்கள். ஆதார் வழியில் வரும் பணம், ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு இணைக்கப்பட்டதோ அங்கேதான் போகும். இடையில் யாரோ சொன்னார்கள் என்று அஞ்சலகத்தில் ஒரு கணக்குத் தொடங்கியிருந்தால் தவணைகள் அங்கே சேர்ந்து கிடக்கும். ‘ஆறு தவணையாக வரவே இல்லை’ என்று சொல்பவர்கள் முதலில் அந்தக் கணக்கைப் பார்ப்பது நல்லது. அப்படியும் தெரியாவிட்டால் உதவி எண் 155261.

தகுதியில் சில விஷயங்கள் தெரியாமல் அலைபவர்கள் உண்டு. 2019 பிப்ரவரி 1க்குப் பிறகு விலைக்கு வாங்கிய நிலத்துக்குக் கிடையாது, வாரிசாக வந்த நிலத்துக்கு உண்டு. கணவன், மனைவி, சிறு வயதுப் பிள்ளைகள் சேர்ந்து ஒரே குடும்பம், எனவே ஒரே தொகை. வருமான வரி கட்டுபவர், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குபவர் வெளியே. தறிக் கணக்குக்காக வருமான வரி கட்டும் பல்லடம், சோமனூர் பக்கத்து விவசாயிகள் பலருக்கு இது பொருந்தாது. வாங்கிவிட்டால் திருப்பிக் கேட்பார்கள், கேட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். 2020ல் தமிழ்நாட்டில் தகுதியில்லாத லட்சக்கணக்கானவர்களைச் சேர்த்து 110 கோடி ரூபாய் அளவுக்கு மோசடி நடந்தது வெளிவந்தது. இப்போது புதிய பதிவு ஒவ்வொரு படியிலும் நின்று நின்று நகர்வதற்கு அந்தக் கூத்தும் ஒரு காரணம். பி.எம். கிசானுக்கு ஐந்துக்கு மூன்றரை மார்க் கொடுக்கலாம்.

சொட்டுநீர் மானியத்தை மட்டும் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும். இந்த வட்டாரத்தில் ஒரு தோட்டத்துக்குள் வரும் மானியத்தில் பெரியது இதுதான், வீணாவதும் இதுதான்.

சிறு, குறு விவசாயிகளுக்கு 5 ஏக்கர் வரை 100 சதவீதம், மற்றவர்களுக்கு 12.5 ஏக்கர் வரை 75 சதவீதம். ஜிஎஸ்டியையும் மாநில அரசே ஏற்கிறது. அதே நிலத்துக்கு மறுபடி வாங்க 7 ஆண்டு ஆக வேண்டும். கேட்கும் காகிதங்கள்: சிட்டா, அடங்கல் (என்ன பயிர் என்று காட்டும் பதிவு), புல வரைபடம், சிறு விவசாயி சான்று, ஆதார், வங்கிப் புத்தகம், மண்–நீர் பரிசோதனை அறிக்கை, புகைப்படம். தோட்டக்கலைத் துறைப் பயிர் என்றால் அந்த அலுவலகம், கரும்பு, மக்காச்சோளம் மாதிரி என்றால் வேளாண்மைத் துறை. இணையத்தில் பதிந்து, பட்டியலில் இருக்கும் கம்பெனியை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்கள் வந்து அளந்து வரைபடமும் மதிப்பீடும் போடுவார்கள். பணி ஆணை வந்த பிறகு குழாய் இறங்கும், கடைசியில் அதிகாரி வந்து இட அடையாளத்தோடு படம் எடுத்துப் போவார். அதன் பிறகு பணம் கம்பெனிக்குப் போகும்.

அந்தக் கடைசி வரிதான் முக்கியம். நம் கையில் இருக்கும் ஒரே பிடி, வேலை முடிந்தது என்று நாம் போடும் கையெழுத்து. அதைப் பலர் முதல் நாளே வெற்றுப் படிவத்தில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். ‘சார், இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு, மத்ததை நாங்க பார்த்துக்கிறோங்க.’ பார்த்துக்கொள்வார்கள், அவர்கள் பங்கை.

கையெழுத்துப் போடுமுன் செய்ய வேண்டிய கணக்கு ஒன்றுதான், கஷ்டமில்லை. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. பக்கவாட்டுக் குழாய் 5 அடிக்கு ஒன்று என்றால் 43,560ஐ 5ஆல் வகுக்க 8,712 அடி, அதாவது சுமார் 2,655 மீட்டர் குழாய் ஒரு ஏக்கருக்கு வந்திருக்க வேண்டும். 4 அடிக்கு ஒன்று என்றால் 10,890 அடி, சுமார் 3,320 மீட்டர். மதிப்பீட்டில் 4 அடி என்று போட்டுவிட்டுத் தோட்டத்தில் 5 அடிக்கு இழுத்தால் ஏக்கருக்கு 660 மீட்டர் காணோம் என்று அர்த்தம். சுருளை எண்ணுங்கள், சுருளுக்கு எத்தனை மீட்டர் என்று பாருங்கள். மோட்டார் பக்கம் நிற்கும் தலைமேட்டுச் சாமானும் அப்படியே: மதிப்பீட்டில் எழுதியிருக்கும் வடிகட்டி, வெஞ்சுரி (கரைத்த உரத்தை உறிஞ்சிக் குழாய்க்குள் விடுவது), அழுத்தமானி, வால்வு எண்ணிக்கை ஒவ்வொன்றும் தோட்டத்தில் நிற்கிறதா என்று டிக் அடித்துப் பார்க்க வேண்டும். குழாயில் ஐஎஸ்ஐ முத்திரையும் எண்ணும் அச்சாகியிருக்கும். வெறும் பக்கவாட்டுக் குழாய்க்கு 12786, உள்ளேயே சொட்டுவான் வைத்த இன்லைன் குழாய்க்கு 13488, வெளியே குத்தும் சொட்டுவானுக்கு 13487. எண் அழிந்தோ இல்லாமலோ இருந்தால் இறக்க விடாதீர்கள்.

அடுத்த தவறு வரைபடத்தில் நடக்கும். மேலே சொன்ன 2,655 மீட்டரில் 60 செ.மீ.க்கு ஒரு சொட்டுவான் என்றால் 4,425 சொட்டுவான். மணிக்கு 4 லிட்டர் வகை என்றால், எல்லாம் ஒரே நேரத்தில் ஓட மணிக்கு 17,700 லிட்டர் தண்ணீர் வேண்டும். நம் போரில் கோடையில் ஒரு இஞ்ச் தண்ணீர் வருவதே பெரிய விஷயம். மழைக்காலத்தில் அளந்துவிட்டு ஏக்கர் முழுக்க ஒரே பகுதியாக விட்டால், தலைமாட்டில் சொட்டும், கடைக்கோடியில் காயும். சித்திரையில் மணிக்கு எத்தனை லிட்டர் வரும் என்று ஒரு டிரம்மும் கடிகாரமும் வைத்து அளந்து, அந்த எண்ணைக் கொடுத்துப் பகுதி பிரிக்கச் சொல்ல வேண்டும். பகுதிக்கு ஒன்றாக மூன்று வால்வு கேட்டால் கம்பெனி முகம் சுளிக்கும். சுளிக்கட்டும்.

வடிகட்டியிலும் ஏமாற்றம் உண்டு. மணல் கக்கும் போருக்குத் தண்ணீரைச் சுழற்றி மணலைப் பிரிக்கும் ஹைட்ரோசைக்ளோன், பாசி பிடிக்கும் கிணற்றுக்கும் வாய்க்கால் தண்ணீருக்கும் மணல் வடிகட்டி, இரண்டுக்கும் பின்னால் வலை அல்லது தட்டு வடிகட்டி. எல்லாத் தோட்டத்துக்கும் ஒரு வலை வடிகட்டியை மாட்டிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் அழுத்தம் அரைக் கிலோவுக்கு மேல் வித்தியாசம் காட்டினால் கழுவ வேண்டும். பின்னால் அழுத்தமானி இல்லையென்றால் அது எப்போது என்று தெரியவே தெரியாது.

காங்கேயம், தாராபுரம், கரூர் பக்கத்து உப்புத் தண்ணீருக்கு இன்னொரு வேலை கூடும். சொட்டுவான் வாயில் வெள்ளையாகப் பொரிந்து நிற்பது சுண்ணாம்பு. கடைசிச் சொட்டுவானில் வரும் தண்ணீரின் பி.எச் 4 ஆகும் வரை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வெஞ்சுரி வழியாக விட்டு, ஒரு நாள் நிறுத்தி, பிறகு குழாயின் கடைசி முனை அடைப்பைத் திறந்து அலசிவிட வேண்டும். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. இதைச் செய்யாமல் ‘மானியக் குழாய்ங்க, அப்படித்தான் இருக்கும்’ என்று சுருட்டி வைப்பவர்களே அதிகம். குழாய் மேல் தப்பில்லை.

கூடவே துணை நீர் மேலாண்மை என்று ஒரு பகுதி இருக்கிறது, கேட்டால்தான் சொல்வார்கள். சொட்டுநீர் போடுபவர்களுக்கு மோட்டாருக்கு 15,000 ரூபாய் வரை, தண்ணீர் கொண்டுவரும் குழாய்க்கு ஹெக்டேருக்கு 10,000 வரை, தரைமட்டத் தொட்டிக்குக் கன மீட்டருக்கு 350 வீதம் 75,000 வரை. நிலத்தடி நீர் பாதுகாப்பான அளவில் உள்ள குறுவட்டங்களில் (சில வருவாய்க் கிராமங்கள் சேர்ந்த பிரிவு) மட்டும் குழாய்க்கிணற்றுக்கு 25,000. கொங்கில் பல குறுவட்டங்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டன, ஆகவே போருக்கு நம்பி இருக்க வேண்டாம். தொட்டிதான் இதில் உருப்படி. இரவு வரும் மும்முனை மின்சாரத்தில் தொட்டியை நிரப்பிக் காலையில் சொட்டு விடலாம்.

திட்டத்துக்கு நாலரை. கம்பெனிகளுக்கு ஆள் பார்த்துத்தான்.

சோலார் பம்ப் பற்றிச் சுருக்கமாக. பொதுப் பிரிவுக்கு 60 சதவீதம், ஆதிதிராவிட, பழங்குடிச் சிறு குறு விவசாயிகளுக்கு 80. கிணற்றுக்கும் தொட்டிக்கும் அருமையானது. ஆழம் கூடக் கூடத் தண்ணீர் அளவு இறங்கும். 1,000 அடி போரில் இறக்கிவிட்டு மோட்டாரைத் திட்டிப் பயனில்லை.

கருவிகளுக்கு வேளாண் பொறியியல் துறை. பொதுவாக 40 சதவீதம், சிறு, குறு, பெண், ஆதிதிராவிட, பழங்குடி விவசாயிகளுக்கு 50. இதில் ஆதிதிராவிட, பழங்குடிச் சிறு குறு விவசாயிகளுக்கு மாநிலத்தின் 20 கூடுதலாக உண்டு. சதவீதத்துக்கு மேல் ஒவ்வொரு கருவிக்கும் உச்சவரம்பு இருக்கிறது, இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். இரண்டு லட்ச ரூபாய்க் கருவிக்கு 50 சதவீதம் என்றால் ஒரு லட்சம் என்று கணக்குப் போடுவோம். உச்சவரம்பு 85,000 என்றிருந்தால் அந்த 85,000தான். ஆணை வருமுன் வாங்கிய கருவிக்குக் கிடையாது, பில் தேதி முந்தினால் முடிந்தது. இன்னொன்று, கடையில் ரொக்க விலை, மானிய விலை என்று இரண்டு இருக்கும். மானியம் பற்றிப் பேச்செடுக்காமல் இரண்டு கடையில் ரொக்க விலை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சில சமயம் 40 சதவீதத்தில் பாதி கடைக்காரர் விலையிலேயே கரைந்துபோயிருக்கும். பில்லில் உள்ள எஞ்சின் எண்ணும் கருவியில் உள்ள எண்ணும் ஓர் இலக்கம் மாறினாலும் ஆய்வில் நிற்கும்.

தமிழக அரசின் உழவன் செயலியில் முன்பதிவு செய்தால் ஒரு ரசீது எண் வரும். அது வரிசைச் சீட்டு மட்டுமே, ஒப்புதல் கிடையாது. வட்டாரத்துக்கு இத்தனை என்று இலக்கு ஒதுக்குவது நிதியாண்டுக் கணக்கில். சித்திரை, வைகாசியில் போய் நிற்பவருக்கும் தை மாதம் போய் நிற்பவருக்கும் ஒரே பதில் கிடைக்காது.

ஆட்டுப் பண்ணைக்கு வருவோம். தேசிய கால்நடை இயக்கத்தில் 100 பெட்டை, 5 கிடாய் அலகுக்கு 50 சதவீதம், 10 லட்சம் வரை. 500 பெட்டை, 25 கிடாய்க்கு 50 லட்சம் வரை. நோட்டீசில் இந்த எண்ணைப் பெரிதாகப் போட்டு ‘திட்ட அறிக்கை தயாரித்துத் தருகிறோம்’ என்று ஆள் பிடிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். மானியம் இரண்டு சம தவணையாக, வேலையில் ஒரு பங்கை முடித்துக் காட்டிய பிறகே வரத் தொடங்கும். அதுவரை கொட்டகை, தீவனக் காடு, முதல் மந்தை எல்லாம் கடனிலோ கைக்காசிலோ. வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். ஆடு குட்டி போட்டு, குட்டி விற்கும் எடைக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அந்த இடைக்காலத்து வட்டியையும் தீவனத்தையும் அறிக்கையில் போடாத ஆலோசகரை வாசலோடு அனுப்பிவிடலாம். சந்தையில் பிடித்து வந்த ஆட்டுக்குப் பில் இருக்காது, ஆய்வுக்கு வருபவர் பில்லும், அடையாள எண் போட்ட காதுத் தோடும், காப்பீடும் கேட்பார். மேச்சேரிச் செம்மறி மாதிரி இந்த மண்ணுக்குப் பழகிய இனத்தைப் பண்ணைகளில் பில்லோடு வாங்குவது விலை கூட ஆனாலும் மேல். 20, 30 உருப்படி வைத்துப் பட்டி போடுபவருக்கு இந்தத் திட்டம் சரிப்படாது. இரண்டு மார்க்.

பாலுக்கு 2023 டிசம்பர் 18 முதல் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றுபவர்களுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை. தினம் 10 லிட்டர் என்றால் மாதம் 900. தனியார் வண்டிக்கு ஊற்றினால் இல்லை. தனியார் விலை எவ்வளவு கூட என்று பார்க்கும்போது இந்த மூன்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கொழுப்பு, இதர சத்து அளவு காட்டும் சீட்டைத் தினமும் வாங்கி வைத்தால்தான் அந்தக் கணக்கு சரியாக வரும்.

கொரங்காட்டுக்காரர்களுக்குத்தான் இதில் எதுவும் சரியாகப் பொருந்தவில்லை. காங்கேயம், மூலனூர், வெள்ளகோவில் பக்கம் கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிற்கும் மேய்ச்சல் காடு அது. உழுவதில்லை, ஆகவே அடங்கலில் பயிர்ப் பெயர் வராது, பயிர் சார்ந்த மானியம் எதற்கும் விண்ணப்பம் நகராது. காட்டை வருடக் குத்தகைக்கு எடுத்துக் காங்கேயம் மாட்டையும் செம்மறியையும் மேய்ப்பவர் பெயர் எந்த ஆவணத்திலும் இல்லை. வேலி கட்டுவது, தண்ணீர்த் தொட்டிக்கு லாரித் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் அவர் செலவு. பி.எம். கிசான் 2,000 ரூபாய் திருப்பூரில் குடியிருக்கும் நிலக்காரர் கணக்கில் விழும். குத்தகைக்காரருக்கு இப்போதைக்கு எட்டும் வழிகள் நிலத்தோடு சேராதவை: மாட்டுக்குக் காதுத் தோடும் காப்பீடும், கால்நடை மருந்தகம் வழியாகத் தீவன விதை, புல் நறுக்கும் கருவி, சங்கத்தில் பால் ஊற்றினால் அந்த 3 ரூபாய். குத்தகையை எழுத்தில் போட்டு, நிலக்காரர் கையெழுத்தோடு வைத்திருந்தால் வங்கியில் கால்நடைக்கான கிசான் கடன் அட்டை கேட்கும்போது உதவும். வாய்ப்பேச்சுக் குத்தகைக்கு அதுவும் இல்லை.